எண்ணத் தொடங்காத நாட்கள்

கப்பலில் வந்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு மாலைப் படகிலேயே திரும்பிவிடலாம் என்றுதான் அரசாங்கக் குமாஸ்தாவான கிராணி சூசை அந்தத் தீவு நோய்த்தடுப்பு முகாமுக்கு வந்தான். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்த ஒருவனுக்கு அம்மை என்று தெரிந்ததும், டாக்டர் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டார். உள்ளே இருநூறு பயணிகள். அவர்களோடு சூசையும் வசமாக மாட்டிக்கொண்டான். தண்ணீருக்கு அப்பால் பினாங்கு தெரிந்தது. அங்கே அவன் மனைவி கேத்தரினுக்கு இது ஒன்பதாம் மாதம்.

எல்லாருடைய துணியும் கிருமி சாக மருந்து ஆவியில் வெந்த பிறகுதான், வெளியே விடுவதற்கான பதினான்கு நாள் கணக்கு ஆரம்பமாகும். மூன்று நாளாகியும் முதல் நாள் பிறக்கவில்லை. காரணம் ஒரே ஒரு மூட்டை. ஹபீபா பீவி என்ற பெண் அதை மடியைவிட்டு இறக்க மாட்டேன் என்றாள்.

சூசை கிராணிப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவன். சட்டதிட்டமெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். மனிதரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படித்திருந்தான், பாவம். மூன்று நாளும் அவள் முன்னால் நின்று தொண்டை கிழியச் சட்டம் படித்தான். மற்றவர்கள் அவளைக் கரித்துக்கொட்டினார்கள். அவள் மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

நான்காம் நாள் அவன் வாயைத் திறக்குமுன் அவளே கேட்டாள்.

"எதுக்கு கிராணியாரே இப்புடி பயப்படுறீங்க?"

"பயமா? எனக்குக் கோவம்."

"சட்டம் படிக்கிறப்பல்லாம் கண்ணு அக்கரையிலதானே இருக்கு."

அப்போதும் சூசையின் கண் பினாங்குப் பக்கம்தான் இருந்தது. சண்டைக்கு வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"எம் பெஞ்சாதிக்கு நிறைமாசம். நான் போறதுக்குள்ள என்ன ஆயிடுமோன்னு..." பிறகு அவள் பக்கம் திரும்பினான். "உங்களுக்கு என்னம்மா பயம்?"

நான்கு நாளில் அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

அவள் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஓர் ஆணின் சட்டை.

"எங்க வீட்டுக்காரரு கப்பல்லயே மவுத்தாயிட்டாரு. கடல்ல இறக்கிட்டாங்க. அவரு வாசம் இதுல மட்டுந்தான் இருக்கு. ஆவியில வச்சா போயிடும்ல?"

போகாது என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது.

"போயிடும்மா," என்றான்.

பிறகு சட்டப் புத்தகத்தின் நடுவில் மூன்று நாளாக ஒளித்து வைத்திருந்த கேத்தரினின் கைக்குட்டையை எடுத்தான். அதுவும் வேக வேண்டியதுதான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. முகத்தில் வைத்து ஒருமுறை மூச்சிழுத்துவிட்டு, ஆவிக்குப் போகும் துணிக் கூடையில் போட்டான்.

ஹபீபா பீவி சட்டையில் முகம் புதைத்து வெகுநேரம் இருந்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பின்பு அதைக் கைக்குட்டையின் மேல் வைத்தாள்.

மாலையில் கூடை திரும்பி வந்தது. இரண்டிலும் ஒரே மருந்து வாடை.

சூசை பதிவேட்டைத் திறந்து 'முதல் நாள்' என்று எழுதினான். எழுதத் துடித்த வார்த்தைதான். எழுதும்போது சந்தோஷம் வரவில்லை.