மறைக்கல்வி சாரின் கடைசி வகுப்பு

அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தபடியே, சவப்பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்ற தலைமையாசிரியை சிஸ்டரிடம் மகள் மறுபடியும் கேட்டாள்.

"வகுப்பு முடிஞ்சப்புறமா மயங்கி விழுந்தாரு?"

"ஆமாம்மா. நாங்க ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

காலையில் கணக்கு டீச்சர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். "பாதி வகுப்புலங்க. யாரோ ஒரு பொண்ணு ஏடாகூடமா என்னமோ கேட்டாளாம்..." சிஸ்டரைக் கண்டதும் மீதியை மென்று விழுங்கிவிட்டார்.

தலை நரைக்கும்வரை கத்தோலிக்கப் பள்ளியில் பைபிளும் ஜெபமும் சொல்லித்தரும் மறைக்கல்வி வகுப்பு நடத்தியவர் அப்பா. கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். அம்மா இறந்த வருடம் மகளும் அவரிடம் ஒன்று கேட்டாள். மூச்சுவிடாமல் பைபிள் வசனங்களாகச் சொன்னார். அதோடு அவள் கோயிலுக்குப் போவதை விட்டாள். அதன்பின் இருவருக்கும் பேச்சு என்றால் கரண்ட் பில், மருந்து, அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வந்து பூ வைத்தார்கள். ஒருத்தி மட்டும் வாசலைத் தாண்டவில்லை. மகள் அவளிடம் போகப் பார்த்ததும் சிஸ்டர் குறுக்கே வந்தார்.

"சின்னப் பொண்ணும்மா. இப்ப எதுவும் கேக்க வேண்டாமே."

எதையோ மூடி மறைக்கிறார்கள். மகள் சிஸ்டரைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"நீதானா? எங்கப்பாவை என்ன கேட்ட?"

அந்தப் பெண் தரையைப் பார்த்தாள். "எங்கம்மா பிழைக்கணும்னு ஸ்கூலே ஜெபம் பண்ணுச்சு. அப்படியும் ஏன் செத்துட்டாங்கன்னு கேட்டேன்க்கா."

"கத்தினாரா?"

"இல்லக்கா. 'தெரியலம்மா'ன்னாரு."

"பொய் சொல்லாதே. அவரு அப்படிச் சொல்ற ஆளே இல்ல."

"சத்தியமாக்கா. 'ரொம்ப நாளாவே எனக்குத் தெரியல'ன்னாரு. புத்தகத்தை மூடிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. கண்ணை மூடினாரு. ஜெபம் பண்றாருன்னு நாங்களும் சத்தம் போடாம இருந்தோம். மணி அடிச்சும் எந்திரிக்கல..." குரல் உடைந்தது. "நான் கேட்டதாலயாக்கா?"

மகள் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல," என்றாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். வண்டியில் ஏறிய மகளிடம், "இன்னும் யாராச்சும் வரணுமா?" என்று டிரைவர் கேட்டார்.

பக்கத்து இருக்கையில் வைத்திருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் அந்தப் பெண் இன்னும் நின்றிருந்த வாசல் பக்கம் பார்த்தாள்.