கோபிநாத்துக்கு எத்தனை பர்சன்டைல் போடுவது

1

இந்தக் கதையை எழுதச் சொன்னதே இதில் வருகிறவன்தான். கோபிநாத் ஆரணியில் என்னோடு பள்ளியில் படித்தவன். அவன் அப்பா லோகநாதன் பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறார். எம்பிஏ படிப்புக்கான கேட் தேர்வை நான்கு வருடம் விடாமல் எழுதி, நான்கு முறையும் குறைவாகவே வாங்கியவன் அவன். ஆடி மாதம், கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம், "என்னென்னமோ எழுதற, என்னப் பத்தி எழுதேன்" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மார்கழிப் பனி விலகாத தறிக்கூடத்தில் கோபிநாத்"

அடித்துவிட்டேன். அவன் வீட்டில் தறியே கிடையாது. (ஆரணி என்று எழுதினால் என் பேனா தானாகத் தறிக்குப் போய்விடுகிறது.) அடுத்து, "தோல்வி என்பது" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. ஓடாததே நல்லது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

3

நான்காவது முறை அவன் தங்கை சுபலட்சுமியும் எழுதினாள். பி.காம் முடித்துவிட்டு வீட்டிலிருந்தாள், வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் கோச்சிங் வகுப்புக்குத் தனியாகப் போய்வர அலுத்துப்போய், துணைக்கு அவளையும் சேர்த்துவிட்டது கோபிநாத்தான். பஸ்ஸில் அவளுக்குச் சதவீதக் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் அவன்தான்.

ரிசல்ட் வந்த அன்று இருவரும் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் பார்த்தார்கள். அவனுக்கு அறுபத்தெட்டு பர்சன்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு அறுபத்தெட்டு பேரைத் தாண்டியிருந்தான்; அது போதாது. அவள் தன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எனக்கு நாப்பதுதாண்ணா" என்றாள்.

அவன் அவளைத் தேற்றினான். முதல் தடவை எல்லோருக்கும் அப்படித்தான் என்றானாம். (இந்த வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.)

4

இரண்டு நாள் கழித்து கோச்சிங் சென்டரிலிருந்து தனகோடி மேடம் கூப்பிட்டார். இருவரையும் சேர்க்கும்போது கொடுத்திருந்தது கோபிநாத்தின் நம்பர். தங்கையின் போட்டோ வேண்டும், பேனர் வைக்கப் போகிறோம், தொண்ணூற்றெட்டு வாங்கியிருக்கிறாளே என்றார்.

அவன் சுபலட்சுமியிடம் கேட்டான். அவள் மறைக்கவில்லை. இந்த மார்க்கை வைத்து அடுத்த வருடம் சேர முடியுமா என்று மேடத்திடம் மட்டும் கேட்டிருக்கிறாள். முடியாது என்றிருக்கிறார். அப்படியும் இன்டர்வியூவுக்குப் போவதில்லை என்றே இருந்திருக்கிறாள்.

"நீ முதல்ல போண்ணா. நான் அப்பறமா எழுதிக்கிறேன்."

அன்று சாயங்காலமே அவன் போட்டோவை அனுப்பிவிட்டான்.

(இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருந்தால் எந்த வாசகர் நம்புவார்? அவனிடமே கேட்டேன், வயிறு எரியவில்லையா என்று. "எரிஞ்சிது. அதான் கண்ணு பாதி மூடிகினு இருக்கற போட்டோவா பாத்து அனுப்புனேன்" என்றான். அதன் பிறகு நம்பிவிட்டேன்.)

5

பேனரை ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கத்திலும் கட்டினார்கள். கோபிநாத் அப்பாவிடம் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. லோகநாதன் அந்தப் பக்கமாகப் போனவர், நின்று பார்த்துவிட்டு மகனுக்குப் போன் செய்தார்.

"டேய், போட்டோவையும் பேரையும் மாத்திப் போட்டு வெச்சிகினு இருக்கானுங்க. எழுதிகினு இருந்தது நீ. போய்ச் சொல்லி மாத்தச் சொல்லு."

"இல்லப்பா. அது சுபா மார்க்குதான்."

"அப்ப உன்னுது?"

சொன்னான். அப்பா பதில் பேசவில்லை, போனையும் வைக்கவில்லை. பஸ்களின் ஹார்ன் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டதாம்.

வீட்டில் யாரும் அவனைத் திட்டவில்லை. சுபலட்சுமிக்குப் பார்த்த வரனை நிறுத்தி வைத்தார்கள். அவனுக்குப் பிடித்த குழம்பாகவே ஒரு வாரம் அம்மா வைத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை என்றான்.

6

இதுவரை எழுதியதைக் கொண்டுபோய்க் காட்டினேன். மெதுவாகப் படித்தான்.

"அறுவத்தெட்ட ஒரு எம்பத்தெட்டாவது ஆக்கேன். கததானே."

மாற்றிப் பார்த்தேன். எண்பத்தெட்டுக்கு எங்காவது இடம் கிடைத்துவிடும், அப்படிப்பட்டவனுக்காகத் தங்கை பொய் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவின் போனும் அவ்வளவு நேரம் பேச்சில்லாமல் கிடந்திருக்காது. பழையபடியே அறுபத்தெட்டு போட்டேன். மறுபடி படித்தபோது அவன் அந்த வரியில் நின்றான்.

7

முடிவு ஒன்று: அடுத்த முறை எழுதி ஜெயிக்கிறான். நடக்கலாம். நடக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை.

முடிவு இரண்டு: கடையை ஏற்று நடத்தி நிம்மதியாக இருக்கிறான். அந்தத் தேர்வை எழுதாத நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது பிடிக்கும்.

முடிவு மூன்று: ஒரு நாள் அவன் தன் புத்தகங்களையெல்லாம்

வேண்டாம். நடந்தது இவ்வளவுதான். சுபலட்சுமிக்குக் கோழிக்கோட்டில் எம்பிஏ இடம் கிடைத்தது. காட்பாடி வரை கோபிநாத் கூடப் போனான். பெட்டியை மேலே ஏற்றிவிட்டு ஜன்னலோரம் வந்து நின்றவனிடம், வண்டி கிளம்பும் நேரத்தில், "இந்த வருசம் எழுதாதண்ணா" என்றிருக்கிறாள். பாசத்தில் சொன்னாளா, இனியும் வராது என்று தெரிந்துதான் சொன்னாளா என்று என்னிடம் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

இப்போது ஆவணி. விண்ணப்பம் போடுகிற காலம். நேற்றுக் கடைக்குப் போயிருந்தேன். யாருக்கோ சேலை காட்டி முடித்துவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"உன் கதைல நான் இன்னொரு வாட்டி எழுதறனா?"

என் பதிலுக்கு இன்னும் காத்துக்கொண்டிருக்கிறான். நீங்கள் சொல்லுங்கள். ஆனால் என்னிடம் வேண்டாம், நேராக அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.