பின்பக்கம் உடைந்த வண்டி

இறந்தவருக்குப் போர்த்தும் கபன் துணியை அளந்து கிழித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற மாமா அசன் முகம்மது, ஜுபைதா பீவியைக் கதவோரம் அழைத்தார்.

“ஏளா, மிராசுதாரோட காரியஸ்தர் தெருமுனையில நிக்காரு. அம்பது ரூவா கொண்டாந்திருக்காரு. வாப்பாவுக்குப் பதிலா நீ பெருவிரல் வச்சாப் போதும்ங்காரு.”

“தாள்ல என்ன எழுதியிருக்கு?”

மாமா தரையைப் பார்த்தார். “நம்ம வண்டிதான் குறுக்க வந்துதுன்னு.”

அவளுடைய வாப்பா பீர் முகம்மது அன்று காலையில்தான் காய்ச்சலில் மவுத்தாகியிருந்தார். மேலப்பாளையத்துத் தறிச் சேலைகளை மாட்டுவண்டியில் ஏற்றி நாங்குநேரிக்குக் கொண்டுபோவது அவர் பிழைப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால், சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்த வண்டியை அந்த மிராசுதாரின் புது மோட்டார் பின்னாலிருந்து வந்து இடித்தது. அச்சு முறிந்து, ஒரு சக்கரம் சிதறியது. மோட்டாரை ஓட்டிவந்த மிராசுதார் இறங்கிவந்து, வண்டி குறுக்கே திரும்பிவிட்டது என்றார். அவருடைய வயலில் வேலை செய்த இரண்டு பேர் அதையே பார்த்ததாகச் சொன்னார்கள்.

நஷ்டத்தைக் கேட்டு பீர் முகம்மது முன்சீப் கோர்ட்டில் பிராது கொடுத்தார். மோட்டார்காரரோடு மாட்டுவண்டிக்காரன் வழக்காடுவதா என்று ஊர் சிரித்தது. விசாரணை நாளில், உடைந்த வண்டியை இன்னொரு வண்டியில் ஏற்றிக் கோர்ட்டு வளாகத்துக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

“நான் படிக்காதவன், எசமான். நான் பேசுனா அவுக வக்கீல் மடக்கிருவாரு. வண்டிய மடக்க முடியாதுல்லா? அடி எங்கன விழுந்திருக்குன்னு நீங்களே பாருங்க.”

முன்சீப் படியிறங்கி வந்தார். வண்டியைச் சுற்றி நடந்தார். பின்பக்கம் வந்ததும் குனிந்து வெகுநேரம் பார்த்தார். ஆனால், தீர்ப்புச் சொல்வதற்குள் அவருக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வருகிறவரும் பார்க்க வேண்டுமே என்று பீர் முகம்மது வண்டியைச் செப்பனிடவே இல்லை. மாடுகளை விற்றார். வழக்கு இழுத்துக்கொண்டே போக, ஒன்றரை வருடம் சேலை மூட்டைகளைத் தலையில் சுமந்தார்.

“வண்டியச் சரிபண்ணியிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பாரு மனுசன்” என்றார் மாமா. “எல்லாம் வீம்பு.”

“நேத்து கஞ்சி குடுக்கையில வாப்பா என்ன கேட்டாக தெரியுமா, மாமா?” ஜுபைதா கேட்டாள். “வண்டிக்கு அடியில கல்லு வச்சியா, கரையான் ஏறிராமன்னு.”

மாமா தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுக்கொண்டு தெருமுனைக்குப் போனார். காரியஸ்தரைப் பணத்தோடும் தாளோடும் அனுப்பிவிட்டுத் திரும்பிவந்தார்.

ஜனாஸாவை எடுத்தபோது அந்தத் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களும் தோள் கொடுக்க முந்தினார்கள். ஜுபைதா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெரு திரும்பும்வரை சந்தூக்குப் பெட்டி ஒருவர் தோளிலும் நிலையாக நிற்காமல் கைமாறிக்கொண்டே போனது.

அடக்கம் முடிந்து மாமா திரும்பியபோது, பாளையங்கோட்டையிலிருந்து வாப்பாவுடைய வக்கீலின் குமாஸ்தா வேதநாயகம் வந்திருந்தார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் நின்றவளிடம் சொன்னார்.

“பிராது குடுத்தவுக இறந்துட்டா வாரிசு பேரைச் சேக்கணும், அம்மா. இல்லன்னா கேசு விழுந்துரும். ஆனா, பேரைச் சேத்துட்டா நீங்க கோர்ட்டுக்கு வரணும். கூண்டுல ஏறி எல்லார் முன்னாலயும் பேசணும்.”

“பொம்பளப் பிள்ள, வே அது” என்று மாமா தொடங்கினார். “புருசன் கொழும்புல இருக்கான். அவனக் கேக்காம—”

“ஜுபைதா பீவி” என்றது கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

வேதநாயகம் காதைச் சாய்த்தார். “சரியாக் கேக்கல, அம்மா.”

கதவு விலகியது. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டபடி அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

“பீர் முகம்மது மக ஜுபைதா பீவி.”

குமாஸ்தா பேனாவை மைக்கூட்டில் தோய்த்து நிதானமாக எழுதினார். பிறகு தாளை வெயில் படும்படி திருப்பி, மை காயும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.