சொட்டாத வண்டி

பல் டாக்டர் சாப்பிட்டு முடித்து நாற்காலியைப் பின்னால் தள்ளினார். கிரீச்சென்று ஒரு சத்தம். வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் பல் கூசியது.

"இந்த டைல்ஸ் போட்டவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா இருக்கு" என்று அவர் வழக்கம்போல ஆரம்பித்தார். மேசையைச் சுற்றி இருந்த மற்ற நாற்காலிகள் எல்லாம் பரம சாதுவாக நகரும்போது தன்னுடையது மட்டும் ஏன் இப்படிக் கத்துகிறது என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. தான் உட்காரும் இடத்தில் மட்டும் தரை சரியில்லை என்பது அவர் முடிவு. மனிதர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அப்புறம் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

"டைல்ஸ்காரனை அப்புறம் திட்டிக்கலாம். எருமையை ஓட்டிட்டுப் போய்ட்டு சீக்கிரமா வாங்க" என்றாள் மனைவி. "அங்க உக்காந்து கதை பேசாதீங்க. நாளைக்குக் காலையில புள்ள கிளம்பணும்."

"எருமைன்னு சொல்லாத. ராஜா."

"சரி, உங்க ராஜா எருமையை."

மகள் பிறந்த வருஷம் வாங்கிய வண்டி அது. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், மேடு பள்ளம் பார்க்காது. மகளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே அதில்தான். விடுமுறை வந்தால் போதும், டாக்டர் அதைக் கடற்கரை மணலில் ஓட்டுவார், ஆற்றில் இறக்குவார், சேறும் சகதியுமாகத் திரும்பி வந்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். பிறகு உட்கார்ந்து அதைக் குளிப்பாட்டித் துடைத்து மெழுகு போடுவார். பெற்ற பெண்ணுக்குத் தலை துவட்டி விட்டாரோ இல்லையோ, வண்டிக்கு ஒரு நாள் தவறியதில்லை. சொந்தத் தம்பி கேட்டபோதுகூட சாவியைக் கொடுக்காதவர்.

அப்படிப்பட்டவரிடம் மகள் கேட்டாள். மலைமேல் அணை கட்டும் இடத்தில் பாறைகளைப் பரிசோதிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. போகிற பாதையில் ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் எட்டிப் பார்த்தால் தலை சுற்றும் பள்ளம். "அப்பா, ராஜாவை எனக்குக் குடுத்துடுறீங்களா?" என்றாள். "எடுத்துக்கோ" என்று உடனே சொல்லிவிட்டு, மருந்து எடுக்கப் போவதுபோல உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். இப்போது அவர் பட்டறைக்குக் கிளம்புவதும் அவளுக்காகத்தான். மலையில் எங்காவது சேற்றில் மாட்டிக்கொண்டால் கயிறு கட்டி இழுக்க, வண்டியின் பின்பக்கம் கெட்டியாக ஒரு கொக்கி வைக்க வேண்டும்.

பட்டறைக்காரரை ஊரில் எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்த அம்மாவுக்கே நிஜப் பெயர் மறந்திருக்கும். ராஜாவை வருஷக்கணக்காகப் பார்ப்பவர் அவர்தான். பார்ப்பது என்றால் என்ஜின், பிரேக், கியர். அடிப்பக்கம் அவர் வேலையில்லை. அது டாக்டரின் தனி இலாகா.

அந்த இலாகாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். வண்டியின் அடியில், முன்னாலிருந்து பின்னால்வரை ஓடும் இரண்டு பெரிய இரும்புச் சட்டங்கள் உண்டு. சேசிஸ் என்பார்கள். வண்டியின் மொத்த பாரமும் அதன் தலையில்தான். உள்ளே கூடாக இருக்கும். துரு பிடிக்கக் கூடாதென்று டாக்டர் ஒவ்வொரு வருஷமும் தன் கையாலேயே அதற்குத் தார் போன்ற கருப்புப் பூச்சு ஒன்றைப் பூசுவார். தரையில் மல்லாந்து படுத்து, கண்ணில் சொட்டிவிடும் என்று முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, கை போன போக்கில் பூசுவார். முன்பெல்லாம் ஆற்றுக்குப் போய்வந்தால் வாசலில் இரண்டு நாள் செந்தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். புதிதாய்ப் போட்ட வாசல் டைல்ஸில் சிவப்புச் சிவப்பாகக் கறை படியும். மனைவி பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப் போவாள். கருப்புப் பூச்சு பூச ஆரம்பித்த வருஷம் சொட்டுவது நின்றுவிட்டது. ஒரு சொட்டு இல்லை. டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் பூராவும் சொன்னார். வாயைத் திறந்து படுத்திருக்கும் நோயாளிகளிடமும் சொன்னார். அவர்களால் மறுத்துப் பேச முடியாது, பாவம்.

ஸ்பானர் வண்டியை லிஃப்டில் தூக்கி நிறுத்தினார். "பூச்சு பளபளன்னு இருக்கு டாக்டர். புது வண்டி தோத்துடும்" என்றார். டாக்டர் அடக்கமாக இருப்பதுபோல் சிரித்துக்கொண்டார்.

கொக்கிக்கு ஓட்டை போட டிரில்லை வைத்து அமுக்கினார் ஸ்பானர். கெட்டி இரும்பில் டிரில் இறங்கும்போது ஒரு கதறல் கேட்கும், நெருப்புப் பொறி பறக்கும். முதலில் கொஞ்சம் கதறியது. பிறகு திடீரென்று சத்தம் அடங்கி, டிரில் பிடிவரை சளுக்கென்று உள்ளே போய்விட்டது.

ஸ்பானர் தடுமாறி முன்னால் சாய்ந்தார். டாக்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். நாள் முழுக்கக் கேட்கிற சத்தம். மேலே வெள்ளை வெளேரென்று இருக்கும் பல்லில் டிரில்லை வைத்தால், ஒரு நொடி எதிர்த்து நிற்கும், அடுத்த நொடி பொத்தென்று உள்ளே போகும். உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

"என்னய்யா இது?"

"தெரியலையே டாக்டர்." ஸ்பானர் சுத்தியலை எடுத்தார். கருப்புப் பூச்சின்மேல் லேசாக ஒரு தட்டு. சுத்தியலின் தலை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. வெளியே இழுத்தபோது, கையளவு இரும்பு ரொட்டித் துண்டுபோலப் பிய்ந்து வந்து தரையில் விழுந்து தூளானது. பின்சக்கரத்து ஸ்பிரிங்கைத் தாங்கும் இடம் அது.

ஸ்பானர் முகத்தில் ஈயாடவில்லை. "போன மாசம் இதை நானே மேட்டுல ஏத்தி இறக்கினேனே" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "பிரேக் பாக்கணும்னு வேகமா வேற வந்தேன்."

டாக்டருக்கு அதற்குள் கோபம் தலைக்கேறிவிட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினார். இரும்பா போட்டிருக்கான், காகிதம் போட்டிருக்கான் என்று வண்டி செய்தவனைத் திட்டினார். கடல் உப்பைத் திட்டினார். இத்தனை வருஷமாகப் பார்க்கிறாயே, ஒரு தடவை தட்டிப் பார்க்கக் கூடாதா என்று ஸ்பானரைத் திட்டினார். "தங்கமாட்டம் வச்சிருந்தேன்யா! இதுக்கு மேல ஒருத்தன் ஒரு வண்டியை எப்படிய்யா பாத்துக்க முடியும்?" நாளைக்கு இதில்தான் மகளை ஏற்றி அனுப்பப் பார்த்தோம் என்ற நினைப்பு அப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது. சட்டத்துக்கு நேர் கீழே போய் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்பானர் பூச்சைச் சுரண்டிக்கொண்டே வந்தார். சட்டத்தின் அடிப்பக்கத்தில் வட்டமாக ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. நெம்பினார். டப்பென்று அது தெறித்து விழ, பின்னாலேயே செக்கச்செவேலென்று தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. கீழே நின்ற டாக்டரின் வெள்ளைச் சட்டை நனைந்து சிவந்தது.

"யாரோ அடைச்சிருக்காங்க டாக்டர்" என்றார் ஸ்பானர். "தண்ணி வடியறதுக்குன்னு விட்ட ஓட்டை இது. ஆத்துல மேல இருக்கிற சந்து வழியா உள்ள போற தண்ணி இது வழியாத்தான் வெளிய வரணும்." மற்ற ஓட்டைகளையும் சுரண்டிப் பார்த்தார். ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு. நான்கிலும் அடைப்பு. துடைத்து டாக்டர் கையில் வைத்தார். "இது வண்டியோட வந்தது இல்ல. நாற்காலிக் கால்ல மாட்டுற ரப்பர்."

டாக்டர் கையில் இருந்த நான்கையும் பார்த்தார். காலையில் கேட்ட கிரீச் காதுக்குள் மறுபடி கேட்டது. நான்கையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வாடகை வண்டியில் வீட்டுக்குத் திரும்பும்போது மனைவியை என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தார். உனக்கு மனுஷன் உசுரைவிட டைல்ஸ் பெருசா? பெத்த பெண்ணைப் பள்ளத்துல தள்ளப் பாத்தியே? ஒவ்வொரு வாக்கியத்தையும் மனதுக்குள் கூர்தீட்டி வைத்தார். சட்டைப் பையில் இருந்த ரப்பர்களை வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வாசலில் மகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். மனைவி மடியில் புதுத் துணி. ராஜாவின் சீட்டுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். மலையில் குளிரும், ரெக்சின் சில்லென்று இருக்கும், பிள்ளைக்கு ஆகாது என்று இரண்டு நாளாகத் தைக்கிறாள். நிமிர்ந்து அவர் சட்டையைப் பார்த்தவள் அலறிவிட்டாள்.

"ஐயையோ! என்னங்க இது ரத்தம்!"

"ரத்தம் இல்ல. தண்ணி."

"வண்டி எங்கப்பா?" என்றாள் மகள்.

அவர் சொன்னார். டிரில் உள்ளே போனதை, சுத்தியல் மாட்டிக்கொண்டதை, இரும்பு தூளானதை. மகள் கையில் இருந்த கயிறு நழுவியது. "போன ஞாயித்துக்கிழமை நாம மூணு பேரும் அந்த மலைக்குப் போய்ட்டு வந்தோமேப்பா" என்றாள் மெதுவாக. "இறங்கும்போது நான்தானே ஓட்டினேன். அம்மா பின்னாடி தூங்கிட்டு வந்தாங்க."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மனைவிதான் முதலில் கேட்டாள். "அவ்வளவு கெட்டி இரும்பு எப்படிங்க அப்படி ஆகும்?"

"தண்ணி உள்ளயே நின்னுருக்கு. வடியறதுக்கு வழியில்லாம."

"வழின்னா..." அவள் ஊசியைத் துணியில் குத்தினாள். "அடியில வட்டமா இருக்குமே, அந்த ஓட்டையா?"

அவர் தலையாட்டினார். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தார். தீட்டி வைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட நாக்குக்கு வரவில்லை.

"நான்தாங்க அடைச்சேன்" என்றாள். "தினமும் கறையைத் தேய்ச்சுத் தேய்ச்சு அலுத்துப் போச்சு. நீங்க வேலைக்குப் போன நேரமாப் பாத்து, பாயை விரிச்சு அடியில படுத்து, சுத்தியால ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு தட்டு தட்டினேன். சொட்டறது நின்னுடுச்சு. சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க பூச்சு பூசினீங்க. அதனாலதான் நின்னுச்சுன்னு ஊர் பூரா சொல்லிட்டு வந்தீங்க. அப்படி ஒரு சந்தோஷம் உங்க மூஞ்சில. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

டாக்டருக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. வராமலே இருந்திருக்கலாம். ஒவ்வொரு வருஷமும் பூச்சுப் பூசும்போது பிரஷ் அந்த இடத்தில் எதிலோ தட்டும். வட்டமாக, கொஞ்சம் மெத்தென்று. என்னவென்று பார்க்க வேண்டுமானால் முகத்துத் துண்டை எடுக்க வேண்டும். எடுத்ததில்லை. ஏதாவது போல்ட்டாக இருக்கும் என்று அதன்மேலும் இரண்டு கோட் கூடுதலாகவே பூசியிருக்கிறார். ஆற்றிலிருந்து ஏறி வந்த வண்டி ஒரு சொட்டுகூடச் சொட்டவில்லையே என்று சந்தேகப்படாமல் மார்தட்டிக்கொண்டு திரிந்தோமே என்று வெட்கமாக இருந்தது.

"அதுக்கு ஏன் என் நாற்காலியோட ரப்பரை எடுத்த?" என்று மட்டும் கேட்டார்.

"வேற யாரோடதை எடுத்தாலும் சத்தம் வருதே, என்னன்னு குனிஞ்சு பாப்பாங்க. நீங்கதான் டைல்ஸ்காரனைத் திட்டிட்டு எழுந்து போயிடுவீங்க."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றது. வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் பஸ்ல போய்க்கிறேன்பா" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "தினம் ஒரு பஸ் மேல வரைக்கும் போகுதாம்."

டாக்டர் உள்ளே போனார். இருவரும் பின்னாலேயே வந்தார்கள். அவர் தன் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, பையில் இருந்த ரப்பர்களை எடுத்து ஒவ்வொரு காலிலும் மாட்டினார். துரு ஊறிச் சிவந்து விறைத்துப் போயிருந்தன. கடைசி ரப்பர் ஏற மறுத்தது. உள்ளங்கையால் ஓங்கிக் குத்தி ஏற்றினார். நாற்காலியை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார். பிறகு எழுந்திருப்பதற்காகக் காலை ஊன்றிப் பின்னால் தள்ளினார்.

மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்குத் தயாரானார்கள். அது வரவில்லை. அப்போதுதான் மனைவி மகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழ ஆரம்பித்தாள்.