சிறையிலிருந்தே தாராவியை மிரட்டியவன்

"ஏட்டி மாலதி, எதையோ கேக்கணும்னு வாயத் தெறக்க, பொறவு மூடிக்கிடுத. என்னதான் வேணும் ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல. மெஷின் நூல அத்துக்கிட்டே கெடக்கு. பாரு."

"நேத்துதான பாத்தேன்?"

"இன்னிக்கும் பாரு. மெக்கானிக்குன்னா சும்மாவா?"

மூன்று வருடங்களுக்கு முன், தாராவியில் ஒரு தோல் பை பட்டறையில் நடந்த பேச்சு இது. மாலதி அங்கே பை தைப்பவள். மாரீஸ்வரன் தையல் மெஷின்களைப் பழுது பார்க்க வருபவன். அவள் கேட்க நினைத்தது கல்யாணம். பெண்பிள்ளை எப்படிக் கேட்பது என்று அவளும், இரண்டு அடிதடி கேஸ் உள்ளவன் எப்படிக் கேட்பது என்று அவனும், நல்ல மெஷினையே ஆறு மாதம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் அவன் ஒரு காண்டிராக்டரின் தோள் எலும்பை உடைத்தான். உடைத்தது உண்மைதான். அந்த வழக்கு நடந்து தண்டனை கிடைத்திருந்தால்கூட இந்நேரம் வெளியே வந்திருப்பான். ஆனால் அவனை 'அபாயகரமான நபர்' என்று அறிவித்து, விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்தார்கள். ஒரு வருடம் முடிந்ததும் புதிதாக இன்னொரு உத்தரவு. ஒவ்வொரு உத்தரவுக்கும் நீதிபதிகள் குழு முன் ஒரு மறுபரிசீலனை, சராசரியாக நான்கு நிமிடம்.

முதல் பரிசீலனையில் மாலதி நீட்டிய மனுவில் குமாஸ்தா 'உறவு: இல்லை' என்று எழுதி ஓரமாக வைத்தார். இரண்டாவதிலும் அப்படியே. அவனுக்காக வந்து நிற்க வேறு யாரும் இல்லை.

இன்று மூன்றாவது. மாலதி தேடிப்பிடித்த மாட்டுங்கா வக்கீல் சுந்தரராமன் எழுந்தார்.

"மை லார்ட், போன மார்ச்சில் இவர் தாராவியில் கத்தியைக் காட்டி வியாபாரிகளை மிரட்டினாராம். போன மார்ச்சில் இவர் ஜெயிலில் இருந்தார்."

அரசு வக்கீல் பக்கங்களைப் புரட்டினார். பழைய உத்தரவில் தேதியை மட்டும் மாற்றியிருந்தார்கள். எழுத்துப்பிழைகள்கூட இடம் மாறாமல் இருந்தன. அவர் அசரவில்லை.

"ஜெயிலில் இருந்துகொண்டே இவ்வளவு செய்பவர், வெளியே வந்தால் என்னென்ன செய்வார்?"

மூத்த நீதிபதி தலையை ஆட்டினார். ஆமோதிப்பாக இருக்கலாம், தூக்கமாகவும் இருக்கலாம். இளையவர் கேட்டார்: "விட்டால் இவருக்கு யார் பொறுப்பு? குடும்பம் என்று யாராவது உண்டா?"

சுந்தரராமன் பின்வரிசைக்குத் திரும்பினார். "உங்களைத்தான் கேக்கறா, மாலதி. அவனுக்கு நீங்க என்ன வேணும்?"

"கூட வேல பாத்தவ, சார்."

"அதைச் சொன்னா இன்னொரு வருஷம் எழுதிடுவா. வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லுங்கோ."

குமாஸ்தா அதற்குள் பேனாவைத் திறந்துவிட்டார்.

மாலதி எழுந்தாள். நீதிபதிகளைப் பார்க்கவில்லை. சிறையிலிருந்து வீடியோவில் மாரீஸ்வரன் தெரிந்த திரையைப் பார்த்தாள். கன்னம் ஒட்டி, காதோரம் நரைத்திருந்தான்.

"ஏய் மாரீசு, நான் பேசுதது கேக்கா?"

"கேக்குட்டி. நீ எதுக்கு அங்க வந்து நிக்க? சம்பளத்த வெட்டிருவானுவ."

"நீ செத்த சும்மா இரி."

"என்ன பேசிக்கொள்கிறார்கள்?" என்று தமிழ் தெரியாத இளைய நீதிபதி கேட்டார்.

"குடும்ப விஷயம், மை லார்ட்," என்றார் சுந்தரராமன், கொஞ்சம் முந்திக்கொண்டு.

மாலதி திரையை நோக்கி ஓரடி முன்னால் வந்தாள்.

"என்னயக் கெட்டிக்கிடுதியா?"