வக்கீலம்மாவின் அளவு

அளவெடுக்கும்போது மாஸ்டர் வாயைத் திறப்பதே இல்லை. "இடுப்பு முப்பத்தெட்டு" என்று ஒருமுறை உரக்கச் சொல்லித் தொலைத்ததில், அந்த இடுப்புக்குச் சொந்தக்காரி பிறகு அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டவில்லை. அன்றிலிருந்து டேப்பைப் பார்ப்பாள், எண்ணை மனதுக்குள் போட்டுக்கொள்வாள், "ஆச்சுங்க" என்பாள். அவ்வளவுதான்.

பெண்ணாக இருந்தாலும் எல்லோருக்கும் அவள் மாஸ்டர்தான். தையல் கடையில் துணி வெட்டுகிறவர் எவரோ அவரே மாஸ்டர். தைப்பது அவளுடைய நாத்தனார். நீதிமன்றத்துக்கு எதிர் வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவர்கள் கடை. ஜன்னல் கிடையாது. காலையில் போட்ட ட்யூப்லைட்டைக் கடை பூட்டும்போதுதான் அணைப்பார்கள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே அறையில் பதினெட்டு வருஷமாகச் சண்டை போடாமல் தொழில் செய்கிறார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாதவர்கள் பக்கம்தான் நியாயம். இருவரும் தினமும் சண்டை போட்டார்கள், மிஷின் சத்தத்தில் வெளியே கேட்கவில்லை.

கடையில் அளவு நோட்டு ஒன்று உண்டு. வருகிறவர்கள் அதை எட்டிப் பார்ப்பார்கள் என்பது மாஸ்டருக்குத் தெரியும். ஆகவே அதில் அவரவர் மனசு நோகாத எண்தான் இருக்கும். பெருத்த இடுப்பு பழைய இடுப்பாகவே இருக்கும், இறங்கிய தோள் இறங்காமலே இருக்கும். உண்மை இருந்தது பிரவுன் தாளில். யாருக்கு என்ன தைத்தாலும் முதலில் தாளில் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துத்தான் கத்தரி போடுவாள். வெட்டிய தாளின் மூலையில் ஆளையும் வருஷத்தையும் குறித்து, சுருட்டிப் பின்சுவர் ஆணியில் செருகிவிடுவாள். அந்தச் சுருள்களை எவரும் பிரித்துப் பார்த்ததில்லை. இதைப் பொய் என்று மாஸ்டர் ஒருநாளும் நினைத்ததில்லை. வாடிக்கையாளருக்குக் காட்டும் மரியாதை என்றே நினைத்தாள்.

அந்த மரியாதையை அதிகமாக வாங்கிக்கொண்டவர் வக்கீலம்மா. வயது ஐம்பத்து மூன்று, மூக்குக்கு மேல் கோபம். கோர்ட் விடுமுறை முடிவதற்குள் வருஷத்துக்கொரு கறுப்பு அங்கி தைத்துக்கொள்வார். கணுக்காலுக்கு நாலு விரல் மேலே நிற்க வேண்டும், ஒரு நூல் கூடக்கூடாது, குறையக்கூடாது. தோளிலிருந்து விளிம்பு வரை நாற்பத்தாறு அங்குலம். போவதற்கு முன் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் நகர்வார். "வாய்ப்பேச்சு எனக்கு ஆகாது மாஸ்டர், எழுத்துல இருக்கணும்" என்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பழைய அளவிலேயே வெட்டிய புது அங்கியைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"என்ன மாஸ்டர், கோர்ட்டைப் பெருக்கற வேலையும் சேர்த்து என் தலையில கட்டிட்டீங்களா? முன்பக்கம் இறங்கியிருக்கு பாருங்க."

மாஸ்டர் அங்கியை மேஜைமேல் போட்டு அளந்தாள். நாற்பத்தாறு, சரியாக இருந்தது. வக்கீலம்மாவை அளந்தாள். அரை அங்குலம் குறைந்திருந்தது. கையை அளந்தாள், பழைய அளவு. இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்தாள், அதுவும் பழைய அளவு. கையும் குறையவில்லை, காலும் குறையவில்லை. குறைந்தது நடுவுடம்பு. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "கைத்தப்பு மேடம், அரை மணியில சரி பண்ணிடறேன்" என்றாள். அந்த வருஷத் தாளின் அடியிலும் அரை அங்குலம் நறுக்கிவிட்டாள்.

செய்யாத தப்புக்குப் பேச்சு வாங்குவது தொழிலில் சகஜம். அடுத்த வருஷம் கால் அங்குலம் குறைந்தது, அதற்கடுத்த வருஷம் இன்னொரு கால். மாஸ்டர் சத்தமில்லாமல் தாளில் குறைத்து வெட்டினாள். முதுகு லேசாக வளைந்ததும் தோளில் ஒரு பஞ்சு மடிப்பு வைத்து நிமிர்த்திக் காட்டினாள். பூசி மெழுகுவதில் அவளுக்கு இணை கிடையாது. வயதானால் கூன் விழுவதுதானே என்று நினைத்துக்கொண்டாள். நோட்டில் மட்டும் நாற்பத்தாறு அசையாமல் நின்றது.

இந்த வருஷம் அளவெடுக்க வந்தபோது வக்கீலம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். "ஃபைல் கட்டைத் தூக்கினேன், முதுகு பிடிச்சுக்கிச்சு. ஒரு மாசமா விட மாட்டேங்குது" என்றார். மாஸ்டர் டேப்பைப் பார்த்தாள். போன வருஷத்தைவிட முழுசாக ஒரு அங்குலம் காணவில்லை. தான்தான் டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி பிடித்தாள். அதே எண். "சுடுதண்ணி ஒத்தடம் கொடுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு நோட்டில் நாற்பத்தாறு எழுதினாள்.

மறுநாள் நாத்தனார் நூல்கண்டு எடுக்க முழங்கால் உயர ஸ்டூலில் ஏறி, இறங்கும்போது கால் தடுக்கிக் கையை ஊன்றினாள். அவ்வளவுதான் விழுந்தது. அதற்கே மணிக்கட்டு உடைந்துவிட்டது.

எலும்பு டாக்டர் கட்டுப் போட்டதோடு அனுப்பிவிடவில்லை, ரத்தம் சோதித்து, உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். வயது நாற்பத்தொன்பது. மாதவிடாய் எப்போது நின்றது?

"நாப்பத்திரண்டுலயே நின்னுடுச்சு டாக்டர். அப்பாடான்னு இருந்துச்சு."

"எல்லாருக்கும் அப்பாடாதான். எலும்புக்குத்தான் இல்ல" என்றார் டாக்டர். "எலும்புன்னா செத்த கல்லு இல்லம்மா. தினமும் ஒரு பக்கம் இடிக்கும், ஒரு பக்கம் கட்டும். இடிக்கறதை அதட்டி அடக்கி வெச்சிருக்கறது ஈஸ்ட்ரோஜன்ங்கற ஹார்மோன். மாதவிடாய் நின்னா அதுவும் வத்திப்போயிடும். அப்புறம் இடிக்கறது ஜாஸ்தி, கட்டறது கம்மி. உங்களுக்கு அது சீக்கிரமே ஆரம்பிச்சுடுச்சு."

"நான் தினம் ரெண்டு வேளை பால் குடிக்கிறேனே?" நாத்தனார் விடவில்லை. டாக்டரிடமும் அவள் அண்ணியிடம் பேசுவது போலத்தான் பேசினாள்.

"குடிங்க, கால்சியம் வேணும்தான். ஆனா சரக்கு வாசல்ல வந்து இறங்கினா போதுமா, உள்ள தூக்கிட்டு வர ஆள் வேணாமா? குடல்லேருந்து கால்சியத்தை உடம்புக்குள்ள சேர்க்கறது வைட்டமின் டி. ரத்தத்துல அது இருபதுக்கு மேல இருக்கணும், உங்களுக்கு ஒன்பதுதான் இருக்கு. வெயிலே படறதில்லையா?"

"காலையில உள்ள போனா ராத்திரிதான் வெளிய வருவோம்."

"ட்யூப்லைட் வெளிச்சத்துல தோல் அதை உண்டாக்காது. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா உடம்பு சும்மா இருக்குமா? இதயம் துடிக்கவே அது வேணும். கழுத்துல இருக்கற ஒரு சின்னச் சுரப்பி, எலும்பைக் கரைச்சு எடுத்துக் கொடுத்துடும். வெளிய ஒண்ணும் தெரியாது."

பிறகு டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். அது நாத்தனாருக்கான கேள்வி, ஆனால் தைத்தது கூட வந்திருந்த மாஸ்டருக்கு.

"உயரம் ஏதாவது குறைஞ்சிருக்கா? நிறையப் பேருக்கு முதுகெலும்பு உடையறதே தெரியாது. விழக்கூட வேணாம், ஒரு வாளி தூக்கினா போதும், ஒரு எலும்பு அப்படியே நசுங்கிடும். முதுகுப் பிடிப்புன்னு ஒத்தடம் கொடுத்துட்டு இருப்பாங்க. ஒண்ணு நசுங்கினா அடுத்தது நசுங்க நாளாகாது. உயரம் குறையறதை முதல்ல யாராவது கவனிச்சுச் சொன்னாத்தான் உண்டு."

மாஸ்டருக்கு வக்கீலம்மாவின் அளவு ஞாபகம் வந்தது. கவனித்த ஆள் அவள். சொல்லாத ஆளும் அவள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். 'நீங்க குள்ளமாகிட்டு வர்றீங்க மேடம்' என்று வக்கீலம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடை நடத்த முடியுமா? அவர் ஒருத்தர் விலகினால் கூடவே எட்டுப் பேர் விலகுவார்கள். கோர்ட்டில் பாதிப் பெண்கள் அவர் சொல்லி வந்தவர்கள். நாத்தனாரோ ஒரு கை உடைந்து கிடக்கிறாள். இப்படி நாலு நாள் மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம், மாஸ்டரே தைத்து முடித்திருந்த அங்கியை வாங்க வக்கீலம்மாவே வந்துவிட்டார். முதுகைச் சுற்றி அகலமான பெல்ட். முகத்தில் மட்டும் கேஸ் ஜெயித்த களை. பெஞ்சில் இரண்டு பெண்கள் காத்திருந்தார்கள், அவர்களையும் சபையாக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உங்க நோட்டு என்னைக் காப்பாத்திடுச்சு மாஸ்டர். முதுகு வலி தாங்காம முந்தாநாள் டாக்டர்கிட்ட போனேன். படம் எடுத்தார். முதுகெலும்புல மூணு நசுங்கியிருக்காம்."

"மூணா?" என்றாள் நாத்தனார்.

"கேளுங்க. இது புதுசா, வேகமா நடக்கறதுன்னா எலும்பை வளர்க்கற ஊசியை உடனே ஆரம்பிக்கணுமாம். தினம் ஒண்ணு, ஒண்ணரை வருஷம், ரெண்டு வருஷம் கூட. எப்பவோ சின்ன வயசுல விழுந்து நசுங்கினதுன்னா அவசரம் இல்லியாம், கால்சியமும் வைட்டமின் டியும் சாப்பிட்டுட்டு ஆறு மாசம் கழிச்சு மறுபடி படம் எடுத்துப் பார்க்கலாமாம். படத்தைப் பார்த்து எந்த வருஷம் நசுங்கினதுன்னு சொல்ல முடியலை, சமீபத்துல உயரம் குறைஞ்சிருக்கான்னார். எனக்கு ஊசின்னா ஆகாது. விடுவேனா? வருஷா வருஷம் அளவெடுக்கறவங்க இருக்காங்க டாக்டர், அஞ்சு வருஷமா நாப்பத்தாறு, எழுத்துல ஆதாரம் இருக்குன்னேன். அவர் என்ன பண்ணுவார், பாவம். அப்போ பழசாத்தான் இருக்கணும்னு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டார்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. அங்கியை மடித்த கை மடித்தபடியே நின்றது. இதைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டால் ஆயிற்று, வக்கீலம்மா சந்தோஷமாகப் போவார், ஆறு மாசத்தில் யார் என்ன கேட்கப் போகிறார்கள் என்று மனசு ஒரு நொடி கணக்குப் போட்டது. அப்படி நினைத்ததற்கு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"மேடம், அந்த நோட்டு தப்பு."

"எது தப்பு?"

"உங்க பக்கத்துல நான் எழுதினது. நாப்பத்தாறு இல்ல."

வக்கீலம்மாவின் முகம் மாறியது. கோர்ட்டில் சாட்சியைப் பார்க்கிற முகம் அது.

"எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"தெரியாம எழுதினீங்களா, தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சேதான்."

"அப்போ சரியான அளவு எங்க இருக்கு?"

மாஸ்டர் பின்சுவருக்குப் போனாள். ஐந்து சுருள்களை உருவி எடுத்தாள். வெட்டும் மேஜையைத் துடைத்துவிட்டு, ஐந்து வருஷத்துப் பிரவுன் தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, தோள் தோளோடு பொருந்தும்படி விரித்து, மேல்பக்கம் இரும்புக்கட்டியை வைத்தாள். தோள்கள் சரியாகப் பொருந்தின. அடியில் விளிம்புகள் படிப்படியாக ஏறியிருந்தன. முதல் படி அரை அங்குலம். அடுத்த இரண்டும் சின்னப் படிகள். கடைசிப் படி பெரியது, ஒரு விரல் தாராளமாக வைக்கலாம்.

"கை அளவு அஞ்சு வருஷமும் ஒண்ணுதாங்க. கால் அளவும் ஒண்ணுதான். அதனால டேப் தப்பில்ல. நீங்க நீளம் ஜாஸ்தின்னு திட்டின அங்கியில நீளம் ஜாஸ்தியா இல்ல" என்றாள்.

வக்கீலம்மா மேஜைமேல் குனிய முடியாமல் குனிந்து, தாள் மூலைகளில் இருந்த வருஷங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எழுத்தில் இருந்தது எல்லாம். கடைசிப் படிமேல் விரலை வைத்தார்.

"இது?"

"போன விடுமுறைக்கும் இந்த விடுமுறைக்கும் நடுவுல."

"மூணு வருஷமா உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க வேற கடைக்குப் போயிருப்பீங்க."

இல்லை என்று சொல்வார் என மாஸ்டர் எதிர்பார்த்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேச ஏதாவது கிடைத்திருக்கும். வக்கீலம்மா தாள்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போயிருப்பேன்" என்றார்.

பிறகு கைப்பையிலிருந்து போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டார். "நான் கொடுத்த ஆதாரம் செல்லாது டாக்டர்" என்றுதான் ஆரம்பித்தார். எதிர்முனை ஏதோ கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் மாஸ்டரைப் பார்த்து, "இப்போ எவ்வளவு?" என்றார்.

கடையில் மூன்று பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் உரக்கவே சொன்னாள்.

"நாப்பத்து நாலு."

"நாப்பத்து நாலு டாக்டர். ஆமா, ரெண்டு அங்குலம். நாலு வருஷத்துல. அதுல பாதி இந்த ஒரே வருஷத்துல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டார். "சரி. நாளைக்குக் காலையில வந்துடறேன். இல்ல, ஊசிக்கு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

போனைப் பைக்குள் போட்ட பிறகும் அவர் கிளம்பவில்லை. இரும்புக்கட்டியை நகர்த்தினார். மேலே இருந்த தாள்களை ஒதுக்கி, அடியில் இருந்த இரண்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதல் வருஷமும் அதற்கடுத்த வருஷமும். அந்த இடைவெளியைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று தடவை தடவினார்.

"இங்கயே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. "அரை அங்குலம்தானே போயிருந்தது."

மாஸ்டர் ஆமென்று தலையை அசைத்தாள்.