டிராகனுக்கு ஒட்டிய காது

ஊரில் பாதிப்பேர் அவர் செய்த பல்லால்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பல்செட் செய்தே பெற்ற பெண்களை ஆளாக்கியவர். குனிந்து வேலை செய்தாரே தவிர, எவர் முன்னாலும் குனிந்து நின்றதில்லை. அப்படிப்பட்ட மனிதர் அன்று மத்தியானம் ஒரு களிமண் பொம்மையைப் பார்த்துப் பயந்துபோனார்.

பொம்மை, அவருடைய கடைக்குட்டிப் பெண் செய்த டிராகன். வாரக் கடைசியில் அவளுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் வீரனாகவும் மந்திரக்காரியாகவும் திருடனாகவும் பேசிப் பகடை உருட்டும் ஆட்டம். கதையை நடத்துபவர் டிராகனைத் தன் கையாலேயே செய்து கொண்டுவர வேண்டும். அதன் பலமும் பலவீனமும் பொம்மையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நகம் நீளமென்றால் கிழிக்கும், செதில் விட்டுப்போன இடமென்றால் ஈட்டி இறங்கும். உடம்பில் இல்லாதது ஆட்டத்தில் இல்லை என்பது அவர்கள் சட்டம்.

"அப்பா, பல்லு மட்டும் நீங்க வெச்சுக் குடுங்க. நான் வெச்சா மாட்டுப்பல்லு மாதிரி வருது" என்று கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

கோரைப்பற்களை அக்ரிலிக்கில் வார்த்து, அரம் போட்டு, ஈறு வரைக்கும் சுத்தமாக வைத்தார். பிறகு திருப்பிப் பார்த்தார். வலது பக்கம் அழகாக மடிந்த ஒரு காது. இடது பக்கம் ஒன்றுமில்லை, வழவழவென்று செதில். அந்த ஒரு காதை முன்னால் நீட்டிக் கழுத்து கொஞ்சம் திரும்பி நின்றது. அந்தத் திருப்பம் யாருடையது என்று அவருக்குத் தெரியாதா?

இளம் வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்கு இடது காது கேட்காமல் போனது. வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரியும், வாசற்படி தாண்டித் தெரியாது. எங்கே போனாலும் இடது பக்கம் சுவர் இருக்கிற மாதிரி உட்காருவார். அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் கர்வம் பிடித்தவர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கர்வி என்று பேர் வாங்கலாம், செவிடன் என்று வாங்கக் கூடாது.

இன்றைக்கென்று பார்த்து அவரையும் ஆட்டத்துக்கு வரச்சொல்லி அழைப்பு வந்திருந்தது. அழைத்தவள் அந்தக் கூட்டத்தில் மந்திரக்காரியாக ஆடும் கால்நடை டாக்டரம்மா. அவள் மகனுக்குக் கடைக்குட்டியைப் பெண் கேட்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பேசலாம் என்றிருந்தாள். வாயில்லாப் பிராணியின் நோயைக் கழுத்துச் சாய்வை வைத்தே கண்டுபிடிக்கிற பொம்பளை. டிராகனைப் பார்ப்பாள், பக்கத்தில் இருக்கிற அப்பனைப் பார்ப்பாள். பரம்பரைக் குறை என்று முடிவு கட்டினால் பெண்ணின் கதி?

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நிற்பதற்குள் ஒரு காதை வார்த்து ஒட்டி, வண்ணமும் பூசிவிட்டார். ஒட்டு எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. அவசரத்தில் அவள் பொம்மையை அப்படியே துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள்.

ஆட்டம் தையல்காரரின் கடைப் பின்னறையில். சுவரோர நாற்காலியில் துணி மூட்டை ஏறி உட்கார்ந்திருந்தது. வேறு வழியில்லாமல் நடுவில் உட்கார்ந்தார். இடது பக்க நாற்காலியில் டாக்டரம்மா வந்து உட்கார்ந்தாள். அவருக்கு முதுகெல்லாம் வியர்த்தது. தலையை எந்தப் பக்கமும் திருப்பாமல், விறைப்பாக டிராகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குட்டி கதையை நடத்தினாள். குகைக்குள் டிராகன் தூங்குகிறது. திருடனாக ஆடிய தையல்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நீ என்னம்மா சொன்னே? ஒரு இடையன் அதுக்கு இடப்பக்கமா பாடிக்கிட்டே போய்ப் பொழச்சான்னே. அப்ப இடது காது அவுட்டு! நான் அந்தப் பக்கமா போறேன்."

"போங்க" என்றாள் சிரித்துக்கொண்டு.

"சரிய்யா, முதல்ல காதைப் பாரு" என்றார் வீரனாக ஆடிய பஸ் டிரைவர். டிராகனை எடுத்து விளக்கடியில் திருப்பினார். "இருக்கே! ஜம்முனு இருக்கே!"

கடைக்குட்டி பொம்மையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. அவர் மேசை விரிப்பை நீவிக்கொண்டிருந்தார்.

"உடம்புல இருந்தா இருக்குதான்" என்றாள் மெதுவாக. "அதுக்குக் கேட்டுடுச்சு. முழிச்சுக்குது."

பகடை உருண்டது. திருடன் சாம்பலானான்.

"இது அநியாயம்!" தையல்காரர் கத்தினார். "அப்ப இடையன் கதை பொய்யா? பொய்க் குறிப்புக் குடுத்தவங்க இனிமே இந்த மேசையில கதை நடத்தக் கூடாது. அதுதானே நம்ம பேச்சு?"

"பொய் சொல்லியிருக்கா, வேறென்ன?" என்றார் டிரைவர். "ஏம்மா, வாயத் திறந்து பதில் சொல்லேன்!"

அவள் திறக்கவில்லை. பொய்க்காரி என்ற பேரைத் தலையில் வாங்கிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். யாருக்காக என்று அவருக்குத் தெரிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என் வீட்டுப் பொண்ணு பொய் சொல்ல மாட்டா. அவ செஞ்சப்போ அந்தக் காது கிடையாது. அவளுக்குத் தெரியாம நான்தான் ஒட்டினேன்."

அறையில் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். ஏதாவது கேட்பார்கள் என்று நிமிர்ந்து நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை. தையல்காரரின் பார்வை அவருக்கு இடது பக்கம் போய்த் திரும்பியது. டிரைவர் தொண்டையைச் செருமினார். கடைக்குட்டியின் கண் நிறைந்துவிட்டது. "அப்பா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இடது பக்கத்திலிருந்து கேட்டுவிட்டார்கள்.

டாக்டரம்மா எழுந்து, அவர் நாற்காலியைச் சுற்றி வலது பக்கம் வந்து நின்றாள்.

"ஏன் ஒட்டினீங்கன்னு கேட்டேன் சார். ரெண்டு தடவை கேட்டேன்."

அவர் டிராகனைக் கைகாட்டினார். "நீங்க பாத்துடுவீங்கன்னுதான்."

டாக்டரம்மா டிராகனை எடுத்து அந்தக் காதை விரலால் தடவினாள்.

"அன்னிக்கு மார்க்கெட்ல உங்களுக்கு வணக்கம் சொன்னேன். இடப்பக்கம் நின்னுதான் சொன்னேன்போல. திரும்பிக்கூடப் பாக்காம போனீங்க. உனக்கு மாமனாரா வரப்போறவருக்கு நம்மளக் கண்டா இளக்காரம்டா, இந்தச் சம்பந்தம் வேணாம்னு பையன்கிட்ட சொல்லிட்டேன். இன்னிக்கு உங்கள வரச்சொன்னதே அதை நேர்ல சொல்லத்தான்."

அவருக்குக் காதெல்லாம் சூடானது, கேட்கிற காதும் கேட்காத காதும்.

"இப்ப?" என்று கேட்டவள் கடைக்குட்டி.

"இப்ப என்ன? அவன்கிட்ட வேற மாதிரி சொல்லணும்" என்றாள் டாக்டரம்மா, தன் நாற்காலியை அவருக்கு வலது பக்கமாக இழுத்துப் போட்டபடி.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் தையல்காரர். "நான் செத்தது செல்லுமா, செல்லாதா?"

அவர் தலையை வலது பக்கம், டாக்டரம்மாவிடம், முழுசாகத் திருப்பினார். "உக்காருங்கம்மா" என்றார்.